ஈரத்துணியும் டைனோ தாளும்

மே மாதத்து நடுப்பகலில் திருத்தணி மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு, தொண்ணூறுகள் வரையில் நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. பாதையோரம் ஓர் அம்பாசடரோ பத்மினியோ பானெட்டைத் திறந்தபடி நின்றிருக்கும். இன்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட சிறு பெட்ரோல் பம்பின்மீது ஓட்டுநர் நனைத்த துணியொன்றைச் சுற்றிக்கொண்டிருப்பார். மொட்டை போடவிருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டார் மரநிழல் தேடிப் போயிருப்பார்கள். "ஏர் லாக்குங்க, அஞ்சு நிமிஷம்" என்பார் ஓட்டுநர். சொன்னபடியே சற்று நேரத்தில் வண்டி கிளம்பும். துணி அங்கேயே இருக்கும். அடுத்த வளைவுக்கும் அது வேண்டியிருக்கலாம்.

அந்த ஈரத்துணியை நம்மில் பலர் ஏழை நாட்டுப் பொறியியலின் அடையாளமாக எண்ணிச் சிரித்திருக்கிறோம். அது தவறு என்பது எங்கள் துணிபு. அத்துணிக்குப் பின்னால் ஒரு சரியான கேள்வி இருந்தது: இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல் இந்த நேரத்தில், இந்த இடத்தில், எவ்வளவு சூடாக இருக்கிறது? இன்று கார்களை மாற்றியமைத்து, கணினியில் ட்யூன் செய்து ஓட்டும் நம் நண்பர்களிடம் எல்லாக் கருவிகளும் இருக்கின்றன. இந்தக் கேள்வி மட்டும் காணாமற் போயிருக்கிறது. அது திரும்ப வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

திருத்தணியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்த ஊர் அது. எல்லைப் போராட்டம், ம.பொ.சி., 365 படிகள், ஆடிக்கிருத்திகைக் காவடி என்று நம் நினைவில் அதற்குப் பல முகங்கள். கோடையில் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. கத்திரி வெயில் நாட்களின் வானிலை அறிக்கையில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் வரிசையில் வேலூரோடு சேர்ந்து அடிக்கடி வரும் பெயர் திருத்தணி. கடற்காற்று எட்டாத நிலம், பாறைக் குன்று, மலைமேல் ஊர்ந்து செல்லும் வாகன வரிசை, உச்சியில் வெயிலில் நிறுத்தம். எரிபொருளைச் சூடாக்கிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பரிசோதனைச் சாலையை யாரும் திட்டமிட்டு அமைக்க முடியாது.

முதலில் அந்தப் பழைய 'ஏர் லாக்'கை விளங்கிக்கொள்வோம். பெயரில் ஏர் இருந்தாலும் அது காற்று அன்று, பெட்ரோலின் ஆவி. பெட்ரோல் ஒற்றைப் பொருளன்று, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலகுவானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அம்பாசடரிலும் பத்மினியிலும் தொட்டி பின்னால், பம்பு முன்னால் இன்ஜினோடு ஒட்டியிருந்தது. பம்பு இழுக்கும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். சூடான இன்ஜினின் மேனியில் உட்கார்ந்திருக்கும் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்த பம்பு ஆவியை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்குமேயொழிய கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தத்துவந்தான். ஓட்டுநருக்கு ஆவியழுத்தம் என்ற சொல் தெரியாதிருக்கலாம்; ஆனால் எந்த இடத்தைக் குளிர்விக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பிறகு இன்ஜெக்டர் வந்தது. பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கிக்கொண்டது. ஏறத்தாழ மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் பெட்ரோல் முன்னால் தள்ளப்பட்டது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் ஏறும் என்பதால் மலைப்பாதையில் நின்ற கார்களின் எண்ணிக்கை குறைந்தது, ஈரத்துணியும் மறைந்தது. தொழிற்சாலையில் செய்தபடியே ஓடும் கார்களைப் பொறுத்தவரை கதை ஏறக்குறைய இங்கே முடிந்துவிடுகிறது. மாற்றியமைத்த கார்களுக்கோ கதை மறுபடியும் தொடங்குகிறது.

எங்களில் ஒருவரின் அனுபவத்தைச் சொன்னால் விளங்கும். அவருடைய பெட்ரோல் காருக்குப் பெரிய இன்ஜெக்டர்கள், அதிகம் தள்ளும் பம்பு, தனி அழுத்தக் கட்டுப்படுத்தி ஆகியவற்றைப் பொருத்தி, கணினியில் புதிய மேப் எழுதித் தந்தார்கள். டைனோ தாளில் குதிரைத்திறன் கோடு அழகாக மேலேறியிருந்தது. அது டிசம்பர் மாதத்து மாலை. அடுத்த மே மாதம் குடும்பத்தோடு திருத்தணிக்குப் போனார். தொட்டியில் கால்பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல். மலைமேல் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருகினால், இன்ஜின் சுழன்றது, இருமியது, நின்றது. பக்கத்து வேனின் முதிய ஓட்டுநர் அருகில் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "டேங்க்ல எவ்வளவு இருக்கு தம்பி?" பதிலைக் கேட்டுவிட்டு, "பானெட்டைத் தூக்கி வச்சிட்டு, ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. வண்டியில ஒண்ணும் குத்தமில்லை" என்றார். முக்கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. ட்யூனிங் கடையில் முறையிட்டபோது, டைனோவில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த டிசம்பர் மாலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கள் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதியவர் கேட்ட கேள்வியின் பொருளைப் பாருங்கள். பெரிய பம்பு, இன்ஜினுக்குத் தேவையோ இல்லையோ, எப்போதும் முழு அளவில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் பயன்படுத்தாத மிச்சம், சூடான இன்ஜின் அறையைச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்புகிறது. வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரில் எரிவது சொற்பம். சுற்றி வருவதே பெரும்பகுதி. தொட்டி நிறைந்திருந்தால் அந்தச் சூடு பலநூறு குவளை நீரில் கலந்த ஒரு குவளை வெந்நீர் போல அடங்கிவிடும். குறைவாக இருந்தால், அதே கொஞ்சம் பெட்ரோல் மறுபடியும் மறுபடியும் அடுப்படிக்குப் போய்வருகிறது. பம்புக்கும் குளிர்ச்சி தருவது அந்தப் பெட்ரோலேதான். வண்டியை நிறுத்தியதும் குழாயின் அழுத்தம் மெல்ல இறங்க, இன்ஜினின் சூடோ மேலே ஏற, இன்ஜெக்டர்களின் வாசலில் ஆவி நிறைகிறது. இத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

இனி ஓடும் வண்டியில் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. 15 டிகிரியில் 740 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர், 45 டிகிரியில் ஏறத்தாழ 22 கிராம் குறைவாக இருக்கும். இன்ஜினுக்கு வேண்டியது எடை. இன்ஜெக்டருக்குத் தெரிந்தது எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பது மட்டுமே. நுண்துளை வழியே பாயும் எடை அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 3 சதவீத அடர்த்திக் குறைவு, பாயும் எடையில் சுமார் ஒன்றரை சதவீதக் குறைவாகிறது. நிதானமாகப் போகும்போது புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போதோ, பல கார்களில் கணினி அந்த உணரியைக் கேட்பதை விட்டுவிட்டு, எழுதிவைத்த மேப்பை மட்டுமே நம்புகிறது.

'ஒன்றரை சதவீதந்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு?' என்று ட்யூனிங் அறிந்த நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காற்றின் கணக்கு இதைவிடப் பெரியது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏறினால் காற்று 6 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி இழக்கிறது. ஆனால் காற்றின் சூட்டை அளக்க ஒவ்வொரு காரிலும் ஓர் உணரி உண்டு. பெட்ரோலின் சூட்டை அளக்கப் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எதுவுமில்லை. அறிந்த 6 சதவீதத்தைத் திருத்திக்கொள்ளலாம். அறியாத ஒன்றரைக்கு என்ன செய்வது? தொழிற்சாலை மேப்பில் இத்தகைய பிழைகளுக்கு இடம் விட்டிருப்பார்கள். குதிரைத்திறனைக் கூட்டும் ட்யூனரோ அந்த இடத்தைத்தான் எடுத்துச் செலவழிக்கிறார். கலவை மெலிந்து, உள்ளே வரும் காற்றும் சூடாகி, தீப்பொறியும் முன்கூட்டியே விழுந்தால் இன்ஜின் 'தட்டுகிறது'. தட்டலைச் சில விநாடிகள் பொறுக்கும் பிஸ்டன், மலையேற்றம் முழுவதும் பொறுக்காது. ஆவிக் குமிழ்கள் சேர்ந்துவிட்டால் இந்த ஒன்றரை சதவீதக் கணக்கும் செல்லாது. எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் எங்களுக்கு விந்தையாகத் தோன்றுவது ஒன்று. வெப்பநிலையைக் கணக்கில் எடுப்பது நம் ஊருக்குப் புதிதன்று. திருத்தணி நெடுஞ்சாலையில் உள்ள எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் போய் அடர்த்தியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. ஹைட்ரோமீட்டரோடு ஒரு தெர்மாமீட்டரையும் சாடியில் இறக்குவார்கள். படித்த எண்ணை அட்டவணையைக் கொண்டு 15 டிகிரிக்கு மாற்றிய பின்னரே பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். அங்கே அனுமதிக்கப்படும் வேறுபாடு கனமீட்டருக்கு 3 கிலோ மட்டுமே. 30 டிகிரிச் சூடு செய்யும் வேறுபாடோ அதைப்போல் ஏழு மடங்கு. ஆகவே வெப்பநிலை இல்லாத அடர்த்தி எண்ணுக்கு அங்கே பொருளே கிடையாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்த இந்த நியதி, பெரும் பொருட்செலவில் அமைந்த ட்யூனிங் கூடத்தின் தாளில் ஏன் இல்லை? டைனோ இயந்திரம் காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் கேட்டுக்கொண்டு குதிரைத்திறனைத் திருத்தித் தருகிறது. தொட்டியிலிருக்கும் பெட்ரோலின் சூட்டைப் பற்றிப் பெரும்பாலும் அது வாய் திறப்பதில்லை. (அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடலாம். பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. அதன் சூடு காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை. சூடேறுவது நம் காரில்.)

எரிபொருளின் சூடு அற்ப விஷயம் என்று எண்ணுவோர் 2007ஆம் ஆண்டின் பார்முலா ஒன் பந்தயங்களை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் அக்டோபர் 21 அன்று பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் நடந்தது. காரிலுள்ள எரிபொருள், சுற்றுப்புற வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கக் கூடாது என்பது அன்றைய விதி. குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தியானது; உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கும்; தட்டலைத் தள்ளிப்போடும். பிஎம்டபிள்யூ சாபர், வில்லியம்ஸ் அணிகளின் கார்களில் பெட்ரோல் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தது என்ற புகார் எழுந்தது. அந்தக் கார்கள் நீக்கப்பட்டிருந்தால் ஏழாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன் நான்காமிடத்துக்கு ஏறி, ஒரு புள்ளி வேறுபாட்டில் கிமி ராய்க்கோனன் வென்ற உலகப் பட்டத்தைத் தாம் பெற்றிருப்பார். சுற்றுப்புற வெப்பத்தை எந்தக் கருவி சரியாகச் சொன்னது என்ற ஐயத்தில் நடுவர்கள் தண்டனை தரவில்லை. மேல்முறையீடும் நவம்பரில் தள்ளுபடியாயிற்று. ஓர் உலகப் பட்டமே ஒரு தெர்மாமீட்டரில் தொங்கி நின்றது.

குளிர்ச்சியே எப்போதும் நல்லது என்றும் கொள்ள வேண்டாம். 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற மெக்லாரன் அணியின் ஹோண்டா டர்போ இன்ஜினில், எரிபொருளை வேண்டுமென்றே சூடாக்கினார்கள். அது எளிதில் ஆவியாகாத டொலுவீன் மிகுந்த எரிபொருள். அவ்வாண்டு டர்போ கார்களுக்கு எரிபொருள் அளவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சொட்டும் வீணாகாமல் எரிய வெப்பம் உதவிற்று. ஒரு களத்தில் குளிர்ச்சி, இன்னொரு களத்தில் சூடு. இரண்டிலும் பொதுவானது ஒன்றே: அவர்களுக்குத் தங்கள் எரிபொருளின் வெப்பநிலை என்னவென்று தெரிந்திருந்தது.

இது மேலைநாட்டாருக்கும் ஜப்பானியருக்கும் மட்டுமே உரிய நுட்பமுமன்று. திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் அங்கே பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமைந்தது. கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி 800இன் சிறு இன்ஜினை வைத்து 1988இல் பார்முலா மாருதி கார்களைக் கொணர்ந்தார். 1995இல் அவர் மறைந்தபோது, ஒரு தலைமுறை ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அவர் வழியில் உருவாகியிருந்தார்கள். அது கார்புரேட்டர் காலம். வெயிலுக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் கணினி இல்லாத காலத்தில், ஜெட்டை மாற்றுவதும் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைப் படிப்பதும் மனிதரின் வேலையாயிருந்தது. வானத்தைப் பார்க்காமல் அங்கே ட்யூனிங் இல்லை.

அந்த அறிவு ஏன் நமக்குக் கைமாறி வரவில்லை? இரண்டு காரணங்களை எண்ணுகிறோம். ஒன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுபெற்ற வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. பந்தயத்தடத்தில் ஓடும் கார்கள் வேறு, சாலையில் ஓடுபவை வேறு. ஆயினும் தடைசெய்யப்பட்ட தொழில் நிற்பதில்லை, அது எழுதுவதை நிறுத்திவிடுகிறது. பில் இல்லை, குறிப்பு இல்லை, பொறுப்பும் இல்லை. இரண்டாவது காரணம் நம்முடையது. இசைக்கும் சிற்பத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் சொல்லகராதி தேடும் நாம், பானெட்டுக்கடியில் வளர்ந்த தமிழைக் கேட்டதேயில்லை. 'மிஸ் அடிக்குது', 'தட்டுது', 'இழுக்கலை' என்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி நோயின் பெயர். அவற்றைச் சொல்லும் மூத்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 முதல் நம் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே தூய பெட்ரோலுக்கென்று ஜெட்டோ மேப்போ அமைத்த பழைய காரில் இந்தக் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்து எரியும். எத்தனால் தானே 78 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும், பெட்ரோலோடு கலக்கும்போது அதன் இலகுவான பகுதிகளை இன்னும் எளிதாக ஆவியாகத் தூண்டுகிறது. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சிக் காற்றைக் குளிர்விக்கிறது என்பதும் உண்மை. லாபமும் நட்டமும் கலந்த இந்தக் கணக்கில், வெப்பநிலையை அளக்காதவர் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையே அறியமாட்டார்.

எங்கள் வேண்டுகோள் எளியது. பந்தயக் காரோ, சட்டத்துக்குட்பட்ட பழைய காரோ, ட்யூன் செய்து தருபவர்கள் தாளில் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் எரிபொருளின் வெப்பநிலையையும் எழுதட்டும். குழாயில் பொருத்தும் உணரியின் விலை, ஒரு பிஸ்டனின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. நன்றாக ஓடிய வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் வெயிலில் காயவிட்டு, மறுபடியும் கிளப்பிப் பார்த்த பிறகு வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கட்டும். கார் வைத்திருப்போர் மலைக்குப் போகுமுன் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பிக்கொள்ளட்டும். எழுதும் பழக்கமுள்ளோர் தம் ஊரின் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து, அவர் எதைத் தொட்டுப் பார்த்து எதை அறிகிறார் என்று கேட்டு எழுதட்டும்.

திருத்தணி மலைமேல் எங்கள் நண்பரிடம் டைனோ தாள் இருந்தது, முதியவரிடம் ஒரு கேள்வி இருந்தது. அன்று வண்டி கிளம்பியது அந்தக் கேள்வியால். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன் என்று நண்பர் இன்னும் வருந்துகிறார்.